இது அந்த வீடு இல்லை

தேனிக்கு வந்து சேர்ந்த முதல் நாளே எங்களை நிலம் வாங்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்கள். ரயில்வே கேட் பக்கத்தில் காரை ஓரங்கட்டியிருந்தேன். என் கணவர் மணியம் தன் டேப்லெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதில் தெரிந்த மலையையும் எதிரே இருந்த மலையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் திரும்பி வந்து, இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எத்தன ஏக்கர் பாக்குறீக?"

"ஏக்கர் இல்லண்ணே. இங்க ஒரு பாட்டு எடுத்தாங்க. கதாநாயகி சைக்கிள்ல வருவாங்கல்ல, அந்த இடம்" என்றார் மணியம்.

அவர் டேப்லெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், காரின் நம்பரைப் பார்த்தார். "பாட்டா?" என்றார். "சரி, சரி. ரோட்டு மேல வெல சாஸ்தி. கொஞ்சம் உள்ள போனீகன்னா தோதா இருக்கும். நம்பர் தாரேன், எழுதிக்கங்க."

அவர் நம்பவில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். மலேசியாவில், கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டுகிறவள் நான். சாயங்காலம் வாசலில் வந்து நிற்பவர் மாமாவா, மாமா என்று சொல்லிக்கொள்கிறவரா என்று பார்த்துத்தான் பிள்ளையை இறக்கிவிடுவேன். மணியம் அப்படியல்ல. பக்கத்தில் உட்காருகிற யாரிடமும் தன் இரத்தக் கொதிப்பு மாத்திரையின் பெயர் வரை சொல்லிவிடுவார். எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த படங்களில் பாதி இந்தப் பள்ளத்தாக்கில் எடுத்தவை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த இடங்களை நேரில் பார்க்க வேண்டும் என்றார். எங்கள் நாட்டிலும் இடதுபுறம்தான் ஓட்டுகிறோம். அதனால் நான் ஓட்டுவது, அவர் வழி சொல்வது என்று ஏற்பாடு.

இடதுபுறம் என்பது இங்கே ஒரு யோசனைதான், கட்டாயமில்லை என்பது காரை எடுத்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஹாரன் அடித்தால் சண்டைக்கு வருகிறார்கள் என்று பொருள். இங்கே பின்னால் வந்த லாரி, முன்னால் வந்த பஸ், பக்கத்தில் போன மினி வேன் எல்லாம் அடித்துக்கொண்டே இருந்தன. யார் என்மேல் கோபமாக இருக்கிறார்கள் என்று தெரியாமல் நான் எல்லாருக்கும் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போனேன்.

மறுநாள் காலை பசியாற ஒரு சிறிய ஓட்டலுக்குப் போனோம். இட்லியும் மொச்சைக் குழம்பும் தந்தார்கள். அப்படி ஒரு குழம்பை நான் இதுவரை இட்லிக்குத் தொட்டதில்லை. பால் இல்லாமல் கோப்பி கேட்டதற்கு, பரிமாறிய பெரியவர் என் முகத்தைக் கூர்ந்து பார்த்து, "வயிறு சரியில்லையா ஆத்தா?" என்று கேட்டார். பக்கத்து மேசையில் ஒரு மலையாளித் தம்பதி. கணவர் மனைவியிடம் தணிந்த குரலில் மலையாளத்தில், "பேச்சே வேறு மாதிரி இருக்கிறது. இலங்கைக்காரர்கள் போல. சீக்கிரம் சாப்பிடு" என்றார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மலையாளிகள் என்பதால் எனக்கு அது நன்றாகப் புரிந்தது. கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். அந்த அம்மாவும் அதே நேரத்தில் தன் பையை இழுத்து வைத்துக்கொண்டார்.

அன்று மேகமலை. சின்னமனூரிலிருந்து மேலே ஏறுகிற பாதையில் வளைவு முடிந்தால் வளைவு. சோதனைச் சாவடியில் காரின் பின்பக்கத்தைத் திறந்து, எங்கள் பிஸ்கட் பொட்டலத்தைக்கூட முகர்ந்து பார்த்தார்கள். மேலே தேயிலைத் தோட்டங்களைப் பார்த்ததும் எனக்கு எங்கள் நாட்டுக் கேமரன் மலை நினைவுக்கு வந்தது. ஆனால் அங்கே தேயிலையைவிடச் சுற்றுலாக்காரர்கள் அதிகம். இங்கே மூடுபனியும், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு லயன் வீடுகளுக்குத் திரும்புகிற பெண்களும்தான். மணியம் ஒரு மரத்தைத் தேடினார். அதன் அடியில் ஒரு டூயட் எடுத்திருக்கிறார்களாம். எஸ்டேட் காவலாளி, "அது போன மழையில சாஞ்சிருச்சு" என்றார். எங்களை உள்ளே விடாமல் இருக்கச் சொன்ன சாக்கு என்று எனக்குத் தோன்றியது. கொஞ்ச தூரம் போனதும் சாலை ஓரத்திலேயே வேரோடு கிடந்தது ஒரு பெரிய மரம். அதுதானா என்று மணியத்துக்கும் உறுதியில்லை. இருந்தாலும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்.

இறங்கும்போது பின் சக்கரம் பஞ்சரானது. மாற்றுச் சக்கரம் தேய்ந்து வழவழவென்றிருந்தது. காரை வாடகைக்குக் கொடுத்தவன் சிரித்த சிரிப்பை அப்போதே நான் நம்பவில்லை. சக்கரத்தை நானே கழற்றி மாட்டினேன். தேயிலை லாரியிலிருந்து இறங்கி வந்தவர்கள் என்னைவிட மணியத்தைத்தான் அதிகமாகப் பார்த்தார்கள். "அண்ணனுக்கு இடுப்பு வலியா?" என்று ஒருவர் விசாரித்தார். மணியம் வெட்கமே இல்லாமல், "இல்லண்ணே, எனக்குத் தெரியாது" என்றார்.

சின்னமனூரில் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு, ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தோம். எதிரே தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். காலடியில் துணிக்கடைப் பைகள் நிறைய. மணியம் வழக்கம்போல் பேச ஆரம்பித்தார். மலேசியா, டேப்லெட், படங்கள். மறுநாள் நாங்கள் தேடிப் போக இருந்த வீட்டின் காட்சியையும் ஓட்டிக் காட்டினார்.

அது ஒரு பேய்ப் படம். மணியத்துக்கு மிகவும் பிடித்தது. பெரிய வீட்டின் மாடி ஜன்னலில் மணப்பெண் கோலத்தில் ஒருத்தி நிற்பாள். அவளைக் கட்டிக்கொள்ள வருகிற மாப்பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சாவார்கள். இங்கே அந்த ஜன்னல் காட்சியை வைத்துக் கேலிப் படங்கள் போடாத ஆள் இல்லை என்று மணியம் சொல்வார்.

அந்த அம்மாள் சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மறுபடி போடச் சொன்னார். வீடு வந்ததும் நிறுத்தச் சொல்லி, இரண்டு விரலால் வாசற்படியைப் பெரிதாக்கிப் பார்த்தார். எல்லாரும் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். இவர் ஏன் வாசற்படியைப் பார்க்கிறார்?

"இது எந்த ஊருன்னு சொன்னீக?"

மணியம் சொன்னார். தான் சினிமாப் பத்திரிகைக்காரர் ஒருவரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்ட பெருமையையும் சேர்த்துச் சொன்னார்.

"எனக்கு அத அனுப்பி விடுங்கண்ணே" என்றார் அந்த அம்மாள். மணியம் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்த அம்மாள் கை கழுவப் போனபோது இலையில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

"பேய்ப் படம் புடிக்கும் போல" என்றார் மணியம்.

"உங்க நம்பரும் சேர்ந்து போயிருக்கு" என்றேன் நான்.

மறுநாள் போன ஊர் உத்தமபாளையத்தைத் தாண்டி, வாழைக்கும் திராட்சைக்கும் நடுவே இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஊர் நடுவில் உயரமான மாதா கோயில். கோயிலுக்கு எதிரே டீக்கடை. ஏலக்காய் போட்ட டீ, அருமையான டீ. மணியம் டேப்லெட்டை எடுத்துக் காட்டியதும் டீ மாஸ்டரின் கை ஒரு கணம் நின்றது.

"அந்த வீடா? அது மழையில விழுந்துருச்சுங்க. இப்ப வெறும் மண்ணு."

கொஞ்ச தூரம் தள்ளி, திராட்சைப் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டோம். "இந்த ஊரே இல்லக்கா. அது போடிப் பக்கம்" என்றார். அவர் பக்கத்தில் இருந்தவர் அதே நேரத்தில், "இடிச்சுட்டாக. மண்டபம் கட்டப் போறாக" என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சாப்பிடச் சொல்லி ஒரு கொத்து பன்னீர் திராட்சையை என் கையில் திணித்தார்கள்.

மழையில் விழுந்த வீடு, போடியில் இருக்கிற வீடு, மண்டபம் கட்ட இடித்த வீடு. பிள்ளைகள் கூட்டாகச் சேர்ந்து பொய் சொல்லும்போது இப்படித்தான் ஆளுக்கு ஒன்றாக வரும். "கிளம்பிடுவோம்" என்றேன். மணியம் மாட்டேன் என்றார். காரை மெதுவாகத் தெருத் தெருவாக விட்டேன். நீல ஹெல்மெட் போட்ட ஒருவர் ஸ்கூட்டரில் எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். நான் நிறுத்தினால் அவரும் நிறுத்தினார்.

மூன்றாவது தெருவின் கோடியில் அந்த வீடு நின்றது. படத்தில் வெள்ளை, இப்போது ரோஸ் நிறம். ஆனால் அதே வளைவு வைத்த வாசல், அதே படிகள். மாடியில் ஜன்னல் இல்லை. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்துக்கு மேலே மழைக்கான சன்ஷேடு மட்டும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே சுவரின் பூச்சு மட்டும் வேறு வழவழப்பு. யாரோ ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள்.

கதவைத் திறந்தவர் என் வயதுக்காரர். பெயர் செசிலி என்று பிறகுதான் தெரிந்தது. அவர் எங்களைப் பார்ப்பதற்கு முன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இது அந்த வீடு இல்ல."

நாங்கள் இன்னும் எதையும் கேட்கவில்லை.

"தங்கச்சி, படியப் பாருங்க, அப்படியே..." என்று ஆரம்பித்தார் மணியம்.

"அந்தப் படத்துல சிலுவை இருக்கா? எங்க வீட்டு உச்சியில பாருங்க, சிலுவை. எங்க மாமனார் காலத்துலேர்ந்து இருக்கு. போயிட்டு வாங்க."

உண்மைதான். வீட்டின் உச்சியில் சிலுவை இருந்தது, படத்தில் இல்லை. கதவு மூடுவதற்குள் உள்ளே ஒரு பெண்ணைப் பார்த்தேன். இருபத்தைந்து வயது இருக்கும். எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் பயம் இருந்தது என்பது எனக்கு நிச்சயம்.

கம்பத்தில் தங்கும் விடுதி வரைக்கும் நீல ஹெல்மெட் பின்னால் வந்தது. விடுதி வாசலில் எங்கள் காரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அன்று இரவு புரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்ட கடையில் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். அந்த அடைத்த அறைக்குள் என்ன இருக்கிறது? ஓர் ஊரே சேர்ந்து எதை மறைக்கிறது? மணியத்திடம் போலீஸுக்குச் சொல்லலாமா என்று கேட்டேன்.

"என்னான்னு சொல்லுவ? சன்ஷேடு இருக்கு, ஜன்னல் இல்லன்னா?" என்று கேட்டுவிட்டுத் தூங்கிப்போனார்.

காலையில் லோயர் கேம்ப் போவதாகத் திட்டம். மலையிலிருந்து இறங்குகிற அந்தப் பெரிய குழாய்களுக்குப் பக்கத்தில் எடுத்த சண்டைக் காட்சி ஒன்றை மணியம் தயாராக வைத்திருந்தார். கீழே இறங்கியபோது விடுதி வரவேற்பில் நேற்றுப் பார்த்த பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நீல ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர். நான் மணியத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள் அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

"எம் பேரு ரோஸ்லின். இவுக எங்க தாய்மாமா. நேத்து உங்களப் பயங்காட்டிருந்தா மன்னிச்சுக்கங்க."

அவள் பேசியதை நான் நடுவில் குறுக்கிடாமல் கேட்டேன். அது அந்த வீடுதான். அவள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது படம் எடுக்க வந்தார்கள். உச்சியில் இருந்த சிலுவையின்மேல் தகரத்தில் ஒரு கலசம் செய்து கவிழ்த்திருந்தார்கள். பேயாக நடித்தவர் நல்ல மாதிரி. மதியத்தில் ரோஸ்லினின் கட்டிலில்தான் படுத்துத் தூங்குவாராம். அந்த ஜன்னல் ரோஸ்லினின் அறை ஜன்னல். படம் ஓடியது. அவள் வளர்ந்தாள். பெண் பார்க்க வந்த முதல் குடும்பம், வீட்டைப் பார்த்ததும் படத்தைப் பற்றிச் சிரித்துப் பேசிவிட்டுப் போனது. பிறகு பதிலே இல்லை. அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டுகிறவன் உருப்பட மாட்டான் என்று யாரோ சொன்னார்களாம். இரண்டாவது இடமும் அப்படியே தட்டிப்போனது. அன்றைக்குத்தான் அவள் அம்மா கொத்தனாரைக் கூப்பிட்டு ஜன்னலை அடைத்து, வீட்டுக்கு ரோஸ் வண்ணம் அடிக்கச் சொன்னது.

"இப்ப வந்துருக்குறது நல்ல எடம்க்கா. பையன் கோட்டயத்துல ஆஸ்பத்திரி லேப்புல இருக்காக. கோயில்ல ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. கல்யாணத்துக்கு ஆட்சேபம் இருக்கான்னு ஊரறியக் கேப்பாகல்ல, அது. இன்னும் ஒரு ஞாயித்துக்கெழம பாக்கி. அதுவரைக்கும் யாரு வந்து கேட்டாலும் இந்த வீடு இல்லன்னு சொல்லணும்னு அம்மா தெருத்தெருவாப் போயிச் சொல்லிருக்காக. நீங்க அந்தப் படத்த எங்கனயும் போட்டுறாதீக. அதக் கேக்கத்தான் வந்தோம்."

நேற்று முழுவதும் என் மனம் போன போக்கை நினைத்து எனக்கு முகம் சுட்டது. ஒரு கல்யாணத்துக்காக ஊரே பொய் சொல்லியிருக்கிறது. நான் அதைக் கொலையாக்கிப் பார்த்திருக்கிறேன். நிச்சயமாகப் போட மாட்டோம் என்று சொல்ல வாயெடுத்தபோது மணியத்தைப் பார்த்தேன். அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, சின்னமனூர்ல ஒரு அம்மா..." என்றார். "கண்ணாடி போட்டிருந்தாங்க. துணிப் பையெல்லாம் வச்சிருந்தாங்க."

"கண்ணாடி தடிமனா இருந்துச்சா?" என்று கேட்டாள் ரோஸ்லின்.

மணியம் தலையை ஆட்டினார். ரோஸ்லின் மெதுவாக உட்கார்ந்தாள். "பிலோமினா அத்த. மாப்பிள்ளையோட அம்மா. முந்தாநேத்து கல்யாணத்துக்குச் சேல எடுக்கப் போறேன்னு சொன்னாக."

மாமா ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். அவர் திட்டியிருந்தால் எங்களுக்குத் தேவலாம் போல இருந்தது.

நாங்கள் என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் மணியத்தின் போன் அடித்தது. அதே எண். மணியம் போனை நெருப்பைத் தொட்டவர் போல என்னிடம் நீட்டினார். ரோஸ்லின், பேசுங்கள் என்று சைகை காட்டினாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சின்னமனூர் மெஸ்ஸுல உங்க எதுக்க உக்காந்து சாப்பிட்டேன்ல, அந்த ஆளுதான் பேசுறேன். நீங்க அவுக சம்சாரமா? நீங்க வெளிநாட்டுக்காரவுக, எங்கள ஏமாத்தி உங்களுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. அதான் உங்ககிட்டயே கேக்குறேன். அந்த வீட்டுக்குப் போனீகளா?"

போகவில்லை என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் ஊரே எங்கள் காரைப் பார்த்திருக்கிறது. இந்தக் குரல் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிற குரலும் அல்ல. பிறகு மாட்டிக்கொண்டால் பழி அந்தப் பெண்ணின்மேல்தான் விழும்.

"போனோம்மா. ஒரு வீட்ட பார்த்தோம். அந்த மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அவங்க, இது அந்த வீடு இல்லன்னு சொன்னாங்க."

"இல்லன்னா சொன்னாக?"

"ஆமா."

"வீடு எதுன்னு எனக்குப் படத்தப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. அந்த வாசப்படியில செருப்பக் கழட்டிப் போட்டுட்டு எத்தன தடவ போயிருக்கேன். இல்லன்னு சொல்றாகளா, அதத்தான் தெரிஞ்சுக்கணும். நான் இப்ப அங்கன போறேன். நீங்களும் வாங்க. மூணாம் மனுசர் ஒருத்தர் இருந்தா நல்லது."

போன் அணைந்தது. எவ்வளவு யோசித்துச் சொன்ன பதில்! அதில் அவருக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரோஸ்லின்தான், "வாங்கக்கா, போவோம். அம்மா தனியா இருப்பாக" என்றாள். லோயர் கேம்ப் பற்றி மணியம் வாய் திறக்கவில்லை.

செசிலி எங்கள் காரைப் பார்த்ததும் கதவை மூடப் போனார். மகள் பின்னாலேயே இறங்குவதைப் பார்த்துக் கையை எடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். திராட்சைத் தோட்டத்தில் இருந்த கணவருக்கு ஆள் போயிற்று. அவர் மருந்தடித்த சட்டையோடு வந்து ஓரமாக நின்றார். கொஞ்ச நேரத்தில் ஆட்டோவில் பிலோமினா வந்து இறங்கினார்.

அவர் உட்காரவில்லை. முதலில் என்னிடம்தான் வந்தார்.

"நீங்க நெசமாவே மலேசியாவா? இவுக பேசி வச்ச ஆளா? இல்ல, இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு எங்க பக்கத்துலேர்ந்து யாரும் அனுப்பி வச்சாகளா?"

எனக்கு அவர்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது. நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் படத்தையும் என் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "படத்துல இன்னும் கொஞ்சம் மெலிவா இருக்கீக" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு யாரிடமும் கேட்காமல் மாடிக்கு ஏறினார். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வெகு நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தார்.

"அந்த ரூம்புல ஒரு பொட்டு வெளிச்சம் இல்லயே மதினி. யாரு படுக்குறா அங்கன?"

"நான்தான் அத்தே" என்றாள் ரோஸ்லின்.

பிலோமினா செசிலியின் எதிரே உட்கார்ந்தார். "நான் பேயிக்குப் பயந்து வரல. மூணு காசு சினிமாவுக்கு என்னத்தப் பயப்படுறது. வர்ற வழியில டீக்கடையில கேட்டா அந்த வீடே மழையில விழுந்துருச்சுங்குறாக. ஒரு ஊரே கூடி ஒரு பொய்யச் சொல்லுதே, அதுக்குத்தான் பயமா இருக்கு. இன்னும் என்னத்த மறச்சு வச்சிருக்கீக? ஒரேடியாச் சொல்லிருங்க."

செசிலி அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"கேக்குறீகளா? கேளுங்க. இவளுக்குச் சின்னதுல காதுல சீழ் வந்துச்சு. சொகமாயிருச்சு. ஆனா வலது பக்கம் நின்னு மெதுவாப் பேசுனா கேக்காது. காலேசுல ஒரு பேப்பர் ரெண்டு தடவ எழுதுனா. பருப்புக் கொழம்பத் தவிர ஒண்ணும் ஒழுங்கா வைக்கத் தெரியாது. எங்க தோட்டத்துக்கு வரப்புத் தகராறு இருக்கு, கோர்ட்டுல நடக்கு. இந்த மனுசன் கிறிஸ்மஸுக்குக் குடிப்பாக."

"கிறிஸ்மஸுக்கு மட்டுந்தான்" என்றார் ஓரத்தில் நின்றவர்.

"ஈஸ்டருக்கும்" என்றார் செசிலி. "போதுமா மதினி? எம் மகளுக்கு இது மூணாவது எடம். இதுவும் போச்சுன்னா, அவ ரூம்புக்குச் சன்னல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

மணியம் டேப்லெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். பிலோமினா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைத்தார். ஏதோ ஒன்று அவரிடமும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இந்த ஒரு சந்தேகம்தான் அந்தப் பயணம் முழுவதிலும் எனக்குச் சரியாக அமைந்தது.

"எம் மகன் பிரிட்டோவுக்கு வேல நெரந்தரம் இல்ல" என்றார் பிலோமினா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"என்னது?"

"கான்ட்ராக்டு. வருசா வருசம் புதுப்பிப்பாக. போன தடவ புதுப்பிக்காம கொஞ்ச நாள் வீட்டுலதான் இருந்தான். நெரந்தரம்னு நான்தான் தரகருட்டச் சொல்லச் சொன்னேன். நான் ஒண்ணச் சொல்லிருக்கமே, எதுத்தாப்புல என்னத்தச் சொல்லிருக்காகளோன்னுதான் எனக்குத் தூக்கமே இல்ல மதினி."

செசிலி நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போது முடிவு சொல்ல வேண்டியது அவர் என்பதை இருவருமே உணர்ந்தது எனக்குத் தெரிந்தது. மாமா ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார். ரோஸ்லின் மட்டும் எதுவும் நடக்காதது போலக் காப்பித் தம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பிலோமினாவும் அதைக் கவனித்துவிட்டார்.

"ஏத்தா, நீ ஒண்ணுஞ் சொல்லலயே?"

"எனக்குத் தெரியும் அத்தே."

"என்ன தெரியும்?"

"வேலையப் பத்தி. அவுக மொதல்லயே சொல்லிட்டாக." ரோஸ்லின் தட்டைக் கீழே வைத்தாள். "வீட்டப் பத்தி நானும் சொல்லிட்டேன். அவுகளுக்கு எல்லாம் தெரியும். அந்தப் படத்தக்கூட ரெண்டு பேரும் சேந்து பாத்தோம்."

"சேந்தா?" என்றார் செசிலி. "எங்கன?"

"போன்லதாம்மா. அவுக அங்கன, நா இங்கன. ஒரே நேரத்துல போட்டுப் பாத்தோம். என் கட்டில அடையாளம் சொன்னேன். அவுகளுக்குச் சிரிப்புத் தாங்கல. உங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சாத்தான் கஷ்டம்னு சொல்லாம இருந்தோம்."

இரண்டு அம்மாக்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எவ்வளவு நாள் தூக்கம் கெட்டது, எத்தனை வீடுகளுக்குப் போய்ப் பொய் சொல்லச் சொன்னது, எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தது. பிலோமினா எழுந்து போய்ச் செசிலியின் பக்கத்தில், அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

"மூணாவது ஓலை வாசிக்கட்டும் மதினி" என்றார். "அதுக்கு முந்தி அந்தச் சன்னலத் தெறந்து விடுங்க."

"கொத்தனார வரச் சொல்றேன்" என்றார் செசிலி. பிறகு மகள் பக்கம் திரும்பினார். குரல் மாறியிருந்தது. "ஏட்டி, எத்தன நாளா இந்தப் பேச்சு நடக்கு?"

"நிச்சயத்துக்கு முந்தியா, பெறகா?" என்றார் பிலோமினா.

நாங்கள் கிளம்ப இதுதான் நேரம் என்று தோன்றியது. வணக்கம் சொன்னோம். யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. வாசலில் மணியம் டேப்லெட்டைத் திறந்து அந்தக் காட்சியை அழித்தார். அழித்தாரா என்று நான் வாங்கிப் பார்த்தேன். ரோஸ்லினின் அப்பா பின்னாலேயே வந்து, ஒரு பெட்டி திராட்சையைக் காரின் பின் இருக்கையில் வைத்தார். "கழுவிச் சாப்பிடுங்க, மருந்தடிச்சது" என்று மட்டும் சொன்னார்.

தெரு குறுகல். மாமா முன்னால் நின்று கையைக் காட்ட, நான் காரைப் பின்னால் எடுத்தேன். வீட்டுக்கு வெளியே அதற்குள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். டீ மாஸ்டரும் வந்திருந்தார். என்ன ஆயிற்று என்று அவர் என்னைக் கண்ணாலேயே கேட்டார். நான் கார்க் கண்ணாடியை இறக்கி, வீட்டுக்குள் நடந்த பேச்சைக் காதில் வாங்கினேன்.

"தெனமுமா?" என்றது செசிலியின் குரல்.

"எத்தன மணிக்கு?" என்றது பிலோமினாவின் குரல்.

"மொதல்ல கூப்பிட்டது யாரு, எம் மகனா நீயா?"

ரோஸ்லின் சொன்ன பதில் மட்டும் தெருவுக்குக் கேட்கவில்லை.